ஒன்றும் இரண்டும் பன்னிரண்டு

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போன மாதம் இருந்த இருமல் விட்டுவிட்டது. தூக்கமும் பரவாயில்லை. நீ, உன் மனைவி, அம்மா மூவரும் சுகம்தானே? அம்மாவின் முழங்கால் வீக்கம் வற்றியதா என்று மறக்காமல் எழுது.

இங்கே சிறையில், பெண்கள் பகுதியில் கணினி வகுப்பு தொடங்கியிருக்கிறார்கள். நீளமான ஓர் அறை, ஆறு பழைய கணினிகள். விசைகளில் பாதி எழுத்து தேய்ந்து போயிருக்கிறது. இன்டர்நெட் கிடையாது. புதன்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் ஒருவர் வந்து வலைப்பக்கம் செய்யச் சொல்லித் தருகிறார். நாங்கள் அவரைப் புதன்கிழமை சார் என்கிறோம். முதல் நாள், "உங்கள்ல யாராவது இதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர் தொட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். நான் கை தூக்கி, "ஆஸ்பத்திரியில தொட்டிருக்கேன் சார்" என்றேன். பின்னாலிருந்து ஒருத்தி, "தொட்டதாலதான் சார் இங்க வந்து உக்காந்திருக்கா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நீ தினமும் செய்கிற வேலை இதுதானே. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் எனக்குப் போதவில்லை. கடிதத்தில் சொல்லிக்கொடு. நோட்டில் எழுதிப் பழகிவிட்டு, புதன்கிழமை தட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.

எதற்கு இந்த ஆசை என்று நீ கேட்கமாட்டாய். ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இங்கே வந்து பதினாலு மாதம் ஆகிறது. இன்னும் ஆஸ்பத்திரியில் மருந்து ஏறும் வேகத்தைக் கணக்குப் போட்ட அந்தத் திரைதான் கண் முன்னால் நிற்கிறது. 'பழைய வேகம்' என்ற கட்டத்தில் 1 அடித்தேன். 'கூட்ட வேண்டியது' என்ற கட்டத்தில் 2. பொத்தானை அழுத்தினேன். 'புதிய வேகம் 12' என்று வந்தது. கையால் கணக்குப் போடக்கூடாது, திரை காட்டுவதையே மருந்துப் பம்பில் வைக்க வேண்டும் என்று சுவரில் சுற்றறிக்கை ஒட்டியிருந்தார்கள். வைத்தேன். காலில் அறுவை முடிந்து வலி மருந்து ஏறிக்கொண்டிருந்த அந்தப் பெண், பள்ளி வேன் ஓட்டுகிறவள், மாலை ஆறு மணிக்கு இறந்துபோனாள். மறுநாள் விசாரணைக் குழு அதே பக்கத்தைத் திறந்து அதே எண்களைப் போட்டுப் பார்த்தது. அழகாக 3 என்று காட்டியது. "ஒண்ணையும் ரெண்டையும் கூட்டினா எவ்வளவுன்னு தெரியாதா சிஸ்டர்?" என்று அரசு வக்கீல் கேட்டது உனக்கு நினைவிருக்கும். தப்பு செய்ததோடு பொய்யும் சொன்னாள் என்று தீர்ப்பில் எழுதினார்கள்.

பன்னிரண்டு வைத்தது என் கை. முப்பது படுக்கைக்கு இரண்டு பேர் ஓடினோம் என்பதெல்லாம் சாக்குதான். நின்று யோசித்திருக்க வேண்டும். அதற்குத் தண்டனை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நான் பொய் சொல்லவில்லை. ஒரு திரை எப்படி அப்படிச் சொல்லும், மறுநாள் எப்படி மாற்றிச் சொல்லும் என்று தெரிந்துகொண்டால் எனக்கு நெஞ்சு கொஞ்சம் ஆறும். அந்தப் பக்கம் உங்கள் கம்பெனியில் செய்தது என்பதால் உன்னிடம் கேட்கக் கூச்சமாகவும் இருக்கிறது.

வாசலில் ஓர் அம்மாள் எல்லாக் கடிதத்தையும் படித்து முத்திரை குத்தித்தான் விடுவார். அவரும் ஜாவாஸ்கிரிப்ட் கற்றுக்கொள்ளட்டும்.

உன் பதிலுக்கு வழி பார்க்கும்,
அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போனது தெரிந்து நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு வீக்கம் வற்றவில்லை, ஆனால் வாய் வற்றவே வற்றாது என்பது உனக்குத் தெரியும். எனக்கு அலுவலகத்தில் குழுத் தலைவர் பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள். வேலை கழுத்து வரை.

நீ படிக்கிறாய் என்பது எனக்கு ரொம்ப சந்தோஷம். பாடத்தை ஆரம்பிக்கிறேன்.

ஒரு வலைப்பக்கம் சும்மா காட்டிக்கொண்டே இருந்தால் அது சுவரொட்டி. தொட்டால் பதில் சொல்ல வேண்டும் இல்லையா? அந்தப் பதிலைச் சொல்ல வைப்பதுதான் ஜாவாஸ்கிரிப்ட். முதலில் மதிப்பைப் பிடித்து வைக்கப் பழகு. 'லெட்' என்று எழுதி, பக்கத்தில் நீயே ஒரு பெயர் வைத்து, சமக்குறி போட்டு, எண்ணை எழுது. லெட் வயது = 36. இனி வயது என்று எங்கே எழுதினாலும் இயந்திரம் 36 என்று எடுத்துக்கொள்ளும். அடுத்த வருடம் வயது = 37 என்று மாற்றிக்கொள்ளலாம். அதனால்தான் புத்தகத்தில் இதை 'மாறி' என்கிறார்கள். நாங்கள் வேரியபிள் என்போம். எண்ணோடு எண்ணைக் கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம். இப்போதைக்கு எண்களோடு மட்டும் விளையாடு.

ஒன்று சொல்லட்டுமா? இதை ஒரு பொழுதுபோக்காகக் கற்றுக்கொள். வெளியே வந்தால் வேலைக்கும் உதவும். அந்தப் பழைய பக்கத்தைப் பற்றி யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ளாதே. அதை எழுதியவர் அப்போதே வேலையை விட்டுப் போய்விட்டார். எங்கே இருக்கிறார் என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புத் தம்பி


மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

குழுத் தலைவரே, வாழ்த்துகள். நான் நலம். பல் ஒன்று ஆடுகிறது, அவ்வளவுதான். வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள்?

உன் பாடம் அச்சடித்தது போலப் புரிந்தது. நோட்டில் நாற்பது மாறிகள் எழுதிவிட்டேன். என் பக்கத்துக் கணினியில் உட்காருகிறவள் வெளியே கணக்கு டீச்சராக இருந்தவள். அவள் சொன்னாள்: "இருபது வருஷம் எக்ஸ் எக்ஸுன்னு எழுதிப் போட்டேன். பேர் வச்சுக் கூப்பிடலாம்னு யாரும் எனக்குச் சொல்லலையே!"

இந்தப் புதன்கிழமை சார் எழுத்துகளைப் பற்றிச் சொன்னார். மேற்கோள் குறிக்குள் போட்டால் அது எண் இல்லை, எழுத்து. இரண்டு எழுத்துச் சொற்களுக்கு நடுவே கூட்டல் குறி போட்டால் ஒட்டிக்கொள்கின்றன. "வா" கூட்டல் "சல்" என்றால் வாசல். எனக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று. ஒரே குறி, எண்ணைக் கண்டால் கூட்டுகிறது, எழுத்தைக் கண்டால் ஒட்டுகிறது.

'இப்படி இருந்தால் இதைச் செய்' என்கிற 'இஃப்' கொஞ்சம் தெரியும். நாடித்துடிப்பு நூறுக்கு மேல் போனால் 'டாக்டரைக் கூப்பிடு' என்று சொல்லும்படி ஒரு பக்கம் செய்தேன். பழைய பழக்கம் போகுமா?

இப்போது எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: ஒருவர் கட்டத்தில் ஒன்றை அடித்து, பொத்தானை அழுத்தினால், அந்தக் கட்டத்தில் இருப்பதை ஜாவாஸ்கிரிப்ட் எப்படி எடுத்துக்கொள்கிறது? அதை எழுது. சார் பாடக் குறிப்பில் அது கடைசியில்தான் வருகிறதாம். எனக்குப் பொறுமை இல்லை.

அம்மாவை ஒரு முறை அழைத்துவர முடியுமா? பேச வேண்டாம், வந்து உட்கார்ந்தால் போதும்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. வேலை அப்படி. எல்லோரும் நலம். உன் பல்லைக் காட்டினாயா? வலி வந்த பிறகு ஓடாதே. அம்மாவுக்குப் பேருந்தில் நான்கு மணி நேரம் உட்கார முடியாது என்கிறார் டாக்டர்.

ஃபங்ஷன் பற்றி எழுதுகிறேன். நான்கைந்து வரிகளைக் கட்டி ஒரு பெயர் வைத்துவிட்டால், அந்தப் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் அத்தனை வரியும் ஓடும். 'மருந்து கொடு' என்று டாக்டர் ஒரு வார்த்தை சொன்னால் நீ செய்கிற பத்து வேலை மாதிரி. பொத்தானிடம், 'உன்னை யாராவது அழுத்தினால் இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு' என்று சொல்லி வைக்கலாம். அது காது கொடுத்துக் காத்திருக்கும். யாரும் அழுத்தாவிட்டால் ஆயுசுக்கும் காத்திருக்கும். முதலில், அழுத்தினால் பக்கத்தின் நிறம் மாறும்படி செய்து பார். இரண்டு பக்கத்துக்கு எழுதி இணைத்திருக்கிறேன்.

கட்டத்திலிருந்து எடுப்பது கொஞ்சம் பெரிய பாடம். பிறகு பார்க்கலாம்.

அன்புத் தம்பி


மே 4

அன்புள்ள தம்பிக்கு,

பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். மற்றபடி சுகம். அங்கே அனைவர் நலமும் அறிய ஆசை.

நிறம் மாறுகிறது. சிவப்பு, பச்சை, நீலம். கணக்கு டீச்சர் கை தட்டினாள். எனக்குக் கை தட்டத் தோன்றவில்லை. நான் கேட்டது நிறம் இல்லையே. சமையலுக்கு வழி கேட்டால் கோலம் போடச் சொல்லித் தருகிறாய்.

போன மாதம் அந்த வேன் ஓட்டுநரின் கணவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். மன்னிப்பு என்று ஒரு வரி, நான் பொய் சொல்லவில்லை என்று ஒரு வரி. பிரிக்காமலே திரும்பி வந்துவிட்டது. உறையின் மேல் பேனாவால் அழுத்தி எழுதியிருந்தார்: "முதல் வரி மட்டும் எழுதத் தெரியாதவங்க எனக்கு எழுத வேண்டாம்." பிரிக்காதவருக்கு உள்ளே இரண்டு வரி இருப்பது எப்படித் தெரிந்தது? கோர்ட்டில் நான் சொன்னதும் அதே இரண்டு வரிதானே. அதனால் தெரிந்திருக்கும்.

அவர் என்னை வெறுப்பது நியாயம். ஆனால் எதற்காக வெறுக்க வேண்டுமோ அதற்காக மட்டும் வெறுக்கட்டும்.

கட்டத்தைப் பற்றி எழுது. சின்ன பாடமோ பெரிய பாடமோ, எனக்கு நேரம் நிறைய இருக்கிறது.

அக்கா


ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். இங்கே வேலை மாறிக்கொண்டே இருக்கிறது, உட்கார்ந்து எழுத முடியவில்லை. அம்மாவுக்குக் கண்ணில் புரை என்கிறார்கள். என் மனைவிக்கு இது ஐந்தாவது மாதம். உனக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன், தள்ளிப் போய்விட்டது.

அக்கா, சொன்னால் கோபிக்காதே. அதையே கிளறிக்கொண்டிருக்காதே. இன்னும் ஒரு வருடத்துக்குள் வெளியே வந்துவிடுவாய். புதிதாக ஒரு வாழ்க்கை ஆரம்பிக்கலாம். கட்டம், பொத்தான் எல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது? போனவர் திரும்பி வருவாரா?

தம்பி


ஜூலை 16

அன்புள்ள தம்பிக்கு,

உன் மனைவி உடம்பைக் கவனமாகப் பார்த்துக்கொள். கால் வீங்கினால் உடனே இரத்த அழுத்தம் பார்க்கச் சொல். எனக்கு ஒன்றும் இல்லை. அம்மா கண்ணுக்கு எப்போது அறுவை?

இன்று புதன்கிழமை. இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சிறை நூலகத்துக்கு ஒரு பக்கம் செய்யச் சொன்னார் சார். பழைய புத்தகம் எத்தனை, புதிதாக வந்தது எத்தனை, பொத்தானை அழுத்தினால் மொத்தம் எத்தனை என்று காட்ட வேண்டும். கட்டத்திலிருந்து எப்படி எடுப்பது என்று ஒருவழியாக இன்றுதான் சொல்லிக்கொடுத்தார். தம்பி, அது ஒரே ஒரு வரி. நீ பெரிய பாடம் என்றாயே, ஒரு வரி.

தட்டினேன். முதல் கட்டத்தில் 4, அடுத்ததில் 6. அழுத்தினேன். மொத்தம் 46 என்று வந்தது.

கணக்கு டீச்சர் எட்டிப் பார்த்து, "அடேங்கப்பா, உன்கிட்ட கொடுத்தா நூலகம் சீக்கிரம் ரொம்பிடும் போல" என்று சிரித்தாள். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். 4-ஐ அழித்து 1 அடித்தேன். 6-ஐ அழித்து 2 அடித்தேன். அழுத்துவதற்கு விரல் வரவில்லை. டீச்சர்தான் அழுத்தினாள்.

சாரிடம் ஓடினேன். "இது எல்லாரும் முதல்ல பண்ற தப்பும்மா" என்றார். "கட்டத்துல எதை அடிச்சாலும் எழுத்தாத்தான் வரும், நீங்க எண்ணே அடிச்சாலும் சரி. எழுத்தையும் எழுத்தையும் கூட்டினா ஒட்டிக்கும். முன்னாடி நம்பர்னு ஒரு சொல் போட்டு எண்ணா மாத்திக்கணும். முதல் மாசமே சொல்லித் தர்ற பாடம். எவ்வளவு பெரிய ஆளும் ஒரு நாள் மறந்துடுவாங்க." இரண்டு இடத்தில் அந்தச் சொல்லைச் சேர்த்துக் காட்டினார். 3 வந்தது. சேர்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இனி நான் எழுதப்போவதை மெதுவாகப் படி.

அன்று நாலேகால் மணிக்கு அவளுக்கு மூச்சு இறங்கத் தொடங்கியது. டாக்டர் "பம்பு சரியா இருக்கா?" என்று கேட்டார். நான் திரையைப் பார்த்து, பம்பைப் பார்த்து, "சரியா இருக்கு டாக்டர், ரெண்டுலயும் பன்னெண்டு" என்றேன். அவர் நெஞ்சில் இரத்தக்கட்டி இருக்குமோ என்று வேறு பக்கம் தேடப் போனார். நான் வராந்தாவுக்கு வந்து உனக்கு போன் செய்தேன். அந்தப் பக்கம் வந்து ஒரே நாள்தான் ஆகியிருந்தது, உங்கள் கம்பெனி செய்தது, அதனால் உன்னைக் கேட்கத் தோன்றியது. "என்ன போட்டே?" என்று கேட்டாய். "ஒண்ணு, ரெண்டு. பன்னெண்டு காட்டுது, பன்னெண்டுதான் வச்சிருக்கேன், அப்புறம் ஏன்டா மூச்சு இறங்குது?" என்றேன். என் வாயால் சொல்லியும் என் காதில் அது விழவில்லை. பிறகு, "பாக்கறேன்க்கா, நீ பதறாத" என்று வைத்துவிட்டாய்.

மறுநாள் காலைவரை அந்தப் பன்னிரண்டைப் பற்றிச் சந்தேகமாக நான் பேசியது உன் ஒருவனிடம்தான். விசாரணைக் குழு வந்தபோது திரை மாறியிருந்தது. கோர்ட்டில் அந்த போனைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. உன் வேலைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று.

ஒரே கேள்வி. அந்தப் பக்கத்தை எழுதியது நீயா? ஆம் அல்லது இல்லை. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அக்கா


செப்டம்பர் 2

தம்பி,

நலமா? ஏழு வாரம் ஆகிவிட்டது. அம்மா கண்ணுக்கு என்ன ஆயிற்று என்றும் தெரியவில்லை. கடிதம் தொலைந்ததோ என்று வாசல் அம்மாளிடம் கேட்டேன். "போன கடிதம் போய்ச் சேர்ந்துடுச்சு. வரவேண்டியதுதான் வரலை" என்றார். இப்போதெல்லாம் நான் கேட்பதற்கு முன்னாலேயே தலையை ஆட்டிவிடுகிறார்.

அக்கா


அக்டோபர் 11

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்குத் தகுதி இல்லை. அம்மாவுக்கு அறுவை நல்லபடியாக முடிந்தது.

ஆம்.

வேலையை விட்டுப் போனவர் என்று யாரும் இல்லை. கூட்டும் கட்டம் வேண்டும் என்று மருத்துவமனையில் கேட்டார்கள். முந்தின நாள் மாலை அவசரமாகச் சேர்த்தேன். பூஜ்யமும் மூன்றும் போட்டுச் சோதித்தேன். 03 என்று வந்தது. முன்னால் ஒரு பூஜ்யம் நிற்கிறதே, பார்க்க நன்றாக இல்லையே, நாளைக்கு எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. நான் பார்த்தது அழகை மட்டும்.

நீ போனை வைத்ததும் பக்கத்தைத் திறந்து ஒன்றும் இரண்டும் போட்டேன். பன்னிரண்டு. இரண்டு இடத்தில் நம்பர் என்று சேர்த்து அனுப்பினேன். நாலு நிமிடம் ஆகியிருக்கும். இன்னொரு நோயாளிக்கு இப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் செய்தேன். சத்தியமாக அப்போது உன்னை மாட்டிவிட வேண்டும் என்று நினைக்கவில்லை. மறுநாள் விசாரணைக் குழு மூன்று என்று காட்டியதைப் பார்த்ததாகக் கேள்விப்பட்டபோதுதான் நான் எதை அழித்தேன் என்று புரிந்தது. 'பக்கத்தில் பிழை எதுவும் இல்லை' என்று முதலாளி சான்று எழுதினார். அவர் என்னைக் கேட்டார். "இல்லை சார்" என்றேன். அன்றைக்கு உண்மையாகவே இல்லைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நீ மூன்று மாதத்தில் வெளியே வந்துவிடுவாய் என்று வக்கீல் சொன்னார், பிறகு ஜாமீன் என்றார், பிறகு மேல்முறையீடு என்றார். ஒவ்வொன்றும் முடியட்டும் என்று காத்திருந்தேன். பிறகு சொல்வதற்கு நேரம் தாண்டிவிட்டது போல இருந்தது. இந்தக் கடிதத்தை ஏழு முறை எழுதிக் கிழித்தேன். குழந்தை அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ பிறந்துவிடும். மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. நீ கேட்டாய், சொல்லிவிட்டேன்.

தம்பி


அக்டோபர் 28, செவ்வாய்

தம்பிக்கு,

உன் மனைவியும் குழந்தையும் நல்லபடியாக இருக்க வேண்டும். இதை மனதார எழுதுகிறேன். நானும் நலம்.

உன் கடிதம் என் கைக்கு வருவதற்கு முன்பே படிக்கப்பட்டுவிட்டது. வாசல் அம்மாள் அதை நேராகக் கண்காணிப்பாளர் மேசையில் கொண்டுபோய் வைத்துவிட்டார். எல்லாக் கடிதமும் படிக்கப்படும் என்று முதலிலேயே உனக்கு எழுதியிருந்தேன். தெரிந்தே எழுதினாயா, அவசரத்தில் மறந்து எழுதினாயா என்று எனக்குப் புரியவில்லை. தெரிந்தே எழுதினாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு, "இதை உங்க வக்கீலுக்கு அனுப்பலாம். அனுப்பினா உங்க தம்பி மேல நடவடிக்கை வரும். யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல" என்றார். இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு மீதி இருப்பது எட்டு மாதம். அதற்காகப் பிறக்கப்போகிற குழந்தையின் அப்பாவை இழுக்க வேண்டுமா என்று தோன்றியது. கடிதத்தைக் கிழித்துவிடச் சொல்லலாம் என்றுகூட நினைத்தேன்.

பிறகு உன் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். நாலு நிமிடம் என்று எழுதியிருக்கிறாய். நாலரைக்கு நான் போன் செய்தேன். நாலு முப்பத்தைந்துக்கு உனக்குத் தெரிந்துவிட்டது, அவளுக்கு மூன்றுக்குப் பதில் பன்னிரண்டு ஏறுகிறது என்று. அவள் ஆறு மணிக்குத்தான் போனாள். நடுவில் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் அந்தப் பம்பு ஓடிக்கொண்டே இருந்தது. நான் அதன் பக்கத்திலேயே நின்றேன். என் பையில் போன் இருந்தது. "அக்கா, பம்பை நிறுத்து" என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கை எட்டுகிற தூரம். வரப்போகிற நோயாளிகளை நினைத்தேன் என்கிறாய். இருந்த நோயாளியை நீ நினைக்கவில்லை. மூன்று பக்கம் எழுதிய கடிதத்தில் அந்த ஒன்றரை மணி நேரம் ஒரு வரியில்கூட வரவில்லை.

என்னைச் சிறைக்கு அனுப்பியதை நான் எப்படியாவது விழுங்கிக்கொள்வேன். நீ என் தம்பி. ஆனால் அந்த ஒன்றரை மணி நேரம் எனக்குச் சொந்தமில்லை. அது அவளுடைய கணவருக்குத் தெரிய வேண்டியது. அதை மன்னிக்கவும் மறைக்கவும் எனக்கு அதிகாரம் இல்லை. அனுப்புங்கள் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அதிகாரிகள் வெள்ளிக்கிழமை காலை உன் வீட்டுக்கு வருவார்கள். இதை உனக்குச் சொல்ல அனுமதி கேட்டேன். வாசல் அம்மாள் இந்தப் பத்தியை அடிக்கப் பேனாவை எடுத்தார். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டார்.

இந்தக் கடிதம் உனக்கு வியாழக்கிழமை கிடைக்கும். ஒரு மாலைப்பொழுது உன் கையில் இருக்கிறது. அம்மா இதை வேறு யார் வாயாலும் கேட்கக் கூடாது. நீயே சொல். அதை மட்டும் செய். அதற்கு மேல் உன்னிடம் கேட்க எனக்கு எதுவும் இல்லை.

அக்கா


நவம்பர் 1

என் மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? எனக்கு இப்போது கண் நன்றாகத் தெரிகிறது. அதனால்தான் யாரையும் கேட்காமல் நானே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நேற்றுக் காலை பத்து மணிக்கு நாலு பேர் வந்தார்கள். கதவைத் திறந்தது நான்தான். அவன் குளித்துக்கொண்டிருந்தான். வந்தவர்களில் வயதான ஒருவர் என்னை உட்காரச் சொன்னார். என்ன விஷயம் என்று கேட்டேன். "உங்களுக்கு இன்னும் சொல்லலையாம்மா?" என்றார். அவர்தான் எல்லாம் சொன்னார். கையில் உன் தம்பி எழுதிய கடிதத்தின் நகல் இருந்தது. நான் என் கண்ணாலேயே படித்தேன். அவன் வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தான். நான் பார்க்கவில்லை. அவனைக் கூட்டிப் போனார்கள். கம்ப்யூட்டரையும் எடுத்துப் போனார்கள். மருமகள் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். பெண் குழந்தை பிறந்து ஆறு நாள் ஆகிறது.

கோர்ட்டு வராந்தாவில் நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "பொய் சொல்லாம ஒத்துக்கடி" என்று சொன்னேன். நீ என் கையை எடுத்துவிட்டாய். அப்போது அவன் என் பக்கத்தில்தான் நின்றான். அவனுக்குத் தெரிந்தேதான் நான் உன்னை அப்படிச் சொல்லும்படி விட்டிருக்கிறான். அதற்குப் பிறகு முழங்காலைச் சாக்கு வைத்து நான் வரவில்லை. கால் வலி பொய்யில்லை. ஆனால் வராததற்குக் காரணம் கால் இல்லை. பொய் சொல்கிற மகளைப் பார்க்க வேண்டாம் என்று இருந்தேன்.

நீ கடைசியாக எழுதிய கடிதம் வியாழக்கிழமை மத்தியானம் வந்தது. நான்தான் வாங்கி மேசையில் வைத்தேன். சாயங்காலம் அவன் வந்ததும் நான்தான் எடுத்துக் கையில் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தான். இரண்டு தடவை படித்தான். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "என்னடா எழுதியிருக்கா?" என்று கேட்டேன். "நல்லா இருக்காளாம்மா, உன்னைக் கேட்டதாச் சொல்லச் சொன்னா" என்றான். அப்புறம் எனக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டான். விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பேருந்துக்கு வழி கேட்டு வைத்திருக்கிறேன். நான் பெயர் கொடுத்ததும் உள்ளே உன்னிடம் வந்து கேட்பார்களாம், பார்க்க விருப்பமா என்று. விருப்பமில்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடு. நான் கோபித்துக்கொள்ளமாட்டேன். பார்க்கிற நேரம் முடியும்வரை வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிடுகிறேன்.

அம்மா